மாடித்தோட்டத்துக்கு சாணி போட்டேன், கத்திரி பூரா வாடுது – எரு பத்தி தெரிஞ்சவங்க கொஞ்சம் சொல்லுங்க

தாம்பரம்_மாடி | ஆகஸ்ட் 4

எல்லாருக்கும் வணக்கம். தாம்பரம் பக்கத்துல மொட்டைமாடில ஒன்றரை வருஷமா தோட்டம் போட்டுட்டு இருக்கேன். 40 பை கிட்ட இருக்கு, கத்திரி தக்காளி வெண்டை மிளகா கீரை, ரெண்டு பைல புடலை. இவ்ளோ நாளா கடைல பாக்கெட்ல விக்கிற தொழு உரம்தான் வாங்கினேன், கட்டுப்படி ஆகல. அதனால இந்த ஆடிப்பட்டத்துக்கு எங்க தெருக்கோடில மாடு வச்சிருக்க பால்காரர் கிட்ட கேட்டேன், எவ்ளோ வேணும்னாலும் அள்ளிக்கோம்மா காசெல்லாம் வேணாம்னுட்டாரு. ரெண்டு சாக்கு அள்ளிட்டு வந்தேன். குவியலோட மேல் பக்கம் ரெண்டு மூணு நாள் சாணி, அடில கருப்பா பழசு, எல்லாம் சேர்ந்துதான் வந்துச்சு. 12 பைல பாதி செம்மண் பாதி இந்த சாணின்னு ரொப்பி கத்திரி நாத்து நட்டேன்.

இன்னிக்கு 9வது நாள். இலை ஓரமெல்லாம் தீஞ்ச மாதிரி பழுப்பாகுது, காலைல நல்லா நிக்குது, பத்து மணி ஆனா தொங்கிடுது, தண்ணி ஊத்தினாலும் எழுந்திரிக்கல. நேத்து மனசு கேக்காம ஒரு பைய தரைல கவுத்துப் பாத்தேன். நடுவுல கைய விட்டா வெதுவெதுன்னு இருக்கு. அதுக்குள்ள கட்டைவிரல் தண்டி வெள்ளைப்புழு நாலு, அரைவட்டமா சுருண்டுக்கிட்டு, தலை மட்டும் செங்கல் கலர்ல, வால்பக்கம் கருநீலமா உள்ள இருக்குறது தெரியுது. நாத்தோட வேரு ஒரு விரல் நீளம் கூட போகல, நுனியெல்லாம் கருப்பு. இந்தப் புழுதான் வேரைத் தின்னுச்சா? மத்த 11 பையையும் என்ன பண்றது?

தாராபுரம்காரன் | ஆகஸ்ட் 4

அக்கா, மொதல்ல செடிகளக் காப்பாத்துங்க. சாயங்காலமா வெயில் இறங்கினதும் 11 பையையும் பிரிச்சு நாத்தை எடுத்து வேரை மெதுவா தண்ணில அலசி, வெறும் மண்ணும் தேங்காய் நார்க்கழிவும் கலந்த பைல வெச்சு ஒரு வாரம் நிழல்ல போட்டுருங்க. எரு எதுவும் வேண்டாமுங்க. பாதிச் செடியாச்சும் தப்பிக்கும்.

புழுவை விடுங்க, உங்க செடியக் கொன்னது சூடும் காரமும்தானுங்க. பச்சைச் சாணி மக்கும்போது உள்ள நுண்ணுயிரெல்லாம் வேலை செஞ்சு சூடு கிளம்பும், கூடவே அமோனியா வரும், மூக்குல குத்துமே அந்த வாசம்தான். வயக்காட்டுல போட்டா காத்துல மண்ணுல பரவிப்போயிரும், பைக்குள்ள எங்க போகும்? நேரா வேர்ல போய் நிக்கும். இலை ஓரம் தீயிறது அதனாலதான்.

எங்க காட்டுல எருக்குழில வருஷம் பூரா போட்டு வெச்சு, சித்திரை வைகாசில வெட்டி எடுத்து வண்டில கொண்டுபோய் குமிச்சுப் போடுவோம், ஆடிக்கு உழவுல கலந்துரும். எங்க அப்பாரு குழிய வெட்டும்போது ஒரு கை அள்ளி மோந்து பாப்பாரு, சாணி வாசம் அடிச்சா அந்தப் பக்கத்தை மூடச் சொல்லிருவாரு. மழை பேஞ்ச மண்ணு வாசம் வந்தாத்தான் வண்டில ஏத்த விடுவாரு.

மண்வெட்டி | ஆகஸ்ட் 4

தாராபுரம் தம்பி சொன்னது சரி. நான் வேளாண்மைத் துறைல களப்பணில 30 வருஷம் இருந்தவன், புழு பத்தி மட்டும் சொல்றேன்.

9 நாள்ல எந்தப் புழுவும் கட்டைவிரல் தண்டி ஆகாதும்மா. அது குவியல்ல பழைய சாணியோட வந்தது. நீங்க சொல்ற அடையாளத்துக்கு காண்டாமிருக வண்டோட புழு மாதிரி இருக்கு, தென்னை மரத்துக் குருத்தைத் துளைச்சு ஓலைய கத்திரிக்கோல்ல வெட்டின மாதிரி ஆக்குமே அந்த வண்டு. அது முட்டை போடுறதே எருக்குழிலயும் மக்கின கட்டைலயும்தான். அதோட புழு மக்கினதைத் தின்னு வளருமே தவிர பச்சை வேரைத் தேடிப் போகாது. ஆனா வேர்ப்புழுன்னு இன்னொன்னு இருக்கு, பாக்க இதே மாதிரி ஆனா சின்னது, அது நிஜமாவே வேரைக் கடிக்கும். ரெண்டும் ஒண்ணா இருக்கவும் வாய்ப்பு உண்டு. எதுவானாலும் பைக்குள்ள நாலு புழு சுத்தினா வேர் அறுபடத்தான் செய்யும், அதனால பொறுக்கி எடுத்துடுங்க. எடுத்ததை உயிரோட தூக்கி எறியாதீங்க, அது வண்டாகி பக்கத்து வீட்டு தென்னைக்குப் போகும். சோப்புத் தண்ணில போடுங்க, இல்ல கோழிக்குப் போடுங்க.

குவியலை மக்க வைக்கும்போது மெட்டாரைசியம்னு ஒரு பூஞ்சாணப் பொடி உயிர் உரக்கடைல கிடைக்கும், தண்ணில கலந்து குழில ஊத்தலாம். அது புழு உடம்புல முளைச்சு கொன்னுடும், செத்த புழு மேல முதல்ல வெள்ளையாவும் அப்புறம் பாசி மாதிரி பச்சையாவும் படியும். செடிக்கும் மண்புழுவுக்கும் ஒண்ணும் ஆகாது.

நெல்லை_வெயில் | ஆகஸ்ட் 5

எல்லாரும் பச்சைச் சாணின்னா விஷம்ங்கிற மாதிரி சொல்லுதீக, எங்க வீட்ல வருஷக்கணக்கா பச்சைச் சாணிதான். எங்க அம்மா முருங்கைக்கும் மல்லிகைக்கும் வாழைக்கும் வாரம் தவறாம கரைச்சு ஊத்துவாங்க, ஒரு செடி செத்து நான் பாத்ததில்ல. மார்கழில வாசல்ல சாணி உருண்டைல பூசணிப்பூ வச்சு, அதக் காய வச்சு வறட்டி தட்டுத வீடுதான் எங்களுது, சாணிய சும்மா குறை சொன்னா மனசு கேக்கல.

மண்வெட்டி | ஆகஸ்ட் 5

தம்பி நீங்க சொல்றதும் சரிதான், உங்க அம்மா செய்றதுல நீங்களே ஒண்ணு சொல்லிட்டீங்க, கரைச்சு ஊத்துவாங்கன்னு. ஒரு கை சாணிய வாளித் தண்ணில கரைச்சு ஒரு நாள் வச்சு வடிகட்டி, வேரோடின மரத்துக்கு தரைல ஊத்துறது வேற, 12 இன்ச் பைல பாதிக்குப் பாதி சாணிய அடைச்சு நேத்து முளைச்ச நாத்தை நடுறது வேற.

பயிருக்கு ஊத்துற ஜீவாமிர்தக் கரைசலுக்கும் பச்சைச் சாணிதான் போடறோம், ஏக்கருக்கு 10 கிலோ சாணி 10 லிட்டர் கோமியம் ரெண்டு கிலோ வெல்லம் ரெண்டு கிலோ கடலை மாவு 200 லிட்டர் தண்ணி. கணக்குப் பாத்தா லிட்டருக்கு 50 கிராம் சாணிதான் வருது. சாணி, கோமியம், பால், தயிர், நெய் சேத்த பஞ்சகவ்யமும் தெளிக்கும்போது 10 லிட்டர் தண்ணிக்கு 300 மில்லிதான்.

கொல்லைப்புறம் | ஆகஸ்ட் 5

இந்தப் பேச்சுல ஆட்டெருவ யாரும் சொல்லலயேன்னு வந்தேன். நான் தஞ்சாவூர் பக்கம். எங்க ஊர்ல ஒரு பழமொழி உண்டு, ஆட்டெரு அந்த வருஷம் மாட்டெரு மறு வருஷம்னு. ஆட்டுப் புழுக்கை சீக்கிரம் வேலை செய்யும், மாட்டுச் சாணி மெதுவா மக்கி அடுத்த வருஷமும் கொடுத்துட்டே இருக்கும்.

நான் சின்னப் பிள்ளையா இருக்கறப்ப ராமநாதபுரம் பக்கத்துலேந்து கீதாரிங்க செம்மறி ஓட்டிட்டு வருவாங்க, அறுவடை முடிஞ்ச வயல்ல ராத்திரி கிடை போடுவாங்க. எங்கப்பா இன்னிக்கு இந்த வயல் நாளைக்கு அந்த வயல்னு கீதாரி கிட்ட சொல்லி வச்சிருப்பாரு, கூலி நெல்லா அளந்து குடுப்பாரு. காலைல போய்ப் பாத்தா வயல் முழுக்க புழுக்கையும் மூத்திரமும் சமமா விழுந்திருக்கும், மனுஷன் கையால தூவினா அப்படி வராது. மூத்திரத்துலதான் சத்து அதிகம்னு எங்கப்பா சொல்லுவாரு, மறுநாளே ஏர் பூட்டிடுவாரு காயறதுக்குள்ள.

தாம்பரம் தங்கச்சி, ஆட்டுப் புழுக்கை கிடைச்சா வாங்கிக்கோ. ஆனா அப்படியே போடாத, மேல் ஓடு கெட்டியா இருக்கும், பைக்குள்ள ஆறு மாசம் ஆனாலும் கோலிகுண்டு மாதிரி அப்படியே கிடக்கும். சாக்குல போட்டு கட்டையால தட்டி நுணுக்கி, தண்ணி தெளிச்சு ரெண்டு மாசம் மூடி வை. இன்னொன்னு, ஆடு சீமைக்கருவேலங்காய் தின்னுட்டு வந்திருந்தா அந்த விதை புழுக்கைல உயிரோட இருக்கும், என் கொல்லைல அவரைப் பந்தலடில முளைச்சு முள்ளு குத்தினதுக்கு அப்புறம்தான் எனக்கே தெரிஞ்சுது.

பண்ணைத்தம்பி | ஆகஸ்ட் 6

நாமக்கல்ங்க. முட்டைக்கோழிப் பண்ணைல வேலை. கோழி எரு பத்தி யாரும் பேசலையே அது ரொம்ப சத்துங்க, இங்கிருந்து லாரி லாரியா கேரளாவுக்கும் காவிரிக்கரை மஞ்சள் காட்டுக்கும் போகுது. ஆனா வீட்டுத்தோட்டக்காரங்க கேக்கும்போது நானே பயந்துதான் குடுப்பேன், ஏன்னா அள்ளி அப்படியே போட்டுட்டு செடி போச்சுன்னு வந்து நிப்பாங்க. கூண்டுக்கடில விழுகற ஈர எருவுல சாக்கு வாயைத் திறந்தா கண்ணுல தண்ணி வரும், அவ்வளவு அமோனியா. அத நாங்க நார்க்கழிவோட கலந்து குமிச்சு வெச்சு கிளறுவோம், ரெண்டு மூணு மாசம் ஆகும் வாசம் அடங்க.

மக்கின அப்புறமும் 12 இன்ச் பைக்கு ஒரு கைப்பிடி, அதுவும் தண்டை ஒட்டிப் போடாம ஓரமா. முட்டைக்கோழித் தீவனத்துல கிளிஞ்சல் சுண்ணாம்பு சேக்கறதால எருவுலயும் சுண்ணாம்பு நிறைய இருக்கும், ஏற்கனவே உப்புத்தண்ணி போர் இருக்கறவங்க கவனமா போடணும்.

மண்வெட்டி | ஆகஸ்ட் 6

தம்பி சரியா சொன்னாரு. கணக்கு கேக்கறவங்களுக்கு: 100 கிலோ மக்கின மாட்டுத் தொழு உரத்துல தழைச்சத்து, அதாவது நைட்ரஜன், சுமார் அரை கிலோதான் இருக்கும், ஆட்டெருவுலயும் கோழி எருவுலயும் 3 கிலோ வரைக்கும் வரும். கோழி எருவுல மணிச்சத்தும், அதாவது பாஸ்பரஸும், ரெண்டரை கிலோவுக்கு மேல. அப்ப மாட்டெரு எதுக்குன்னு கேப்பீங்க, அது மண்ணைப் பொலபொலன்னு ஆக்கறதுக்கு, ஈரம் பிடிச்சு வைக்கறதுக்கு. சத்துக்கு மட்டும்னு நினைச்சு கோழி எருவையே போட்டா செடி கரும்பச்சையா மதமதன்னு வளரும், பூக்காது, அந்த இளந்தண்டைப் பாத்து அசுவினிப் பூச்சி அடை அடையா ஏறும்.

சாம்பல் போடறவங்களும் ஒண்ணு கேட்டுக்கோங்க. பச்சைச் சாணியோட அடுப்புச் சாம்பலைக் கலக்காதீங்க, சாம்பல்ல இருக்க காரம் தழைச்சத்தை அமோனியாவா கிளப்பி காத்துல விட்டுடும். நல்லா மக்கின அப்புறம் தனியா போடலாம்.

கீரைப்பாத்தி | ஆகஸ்ட் 7

எனக்கு வேற கவலை. ரெண்டு வயசுப் பொண்ணு இருக்கா, தோட்டத்துக்கு வந்தா செடில இருந்தே தக்காளிய பிடுங்கி வாயில வச்சுக்கறா, கொத்தமல்லி தழைய மெல்றா. சாணி போட்ட மண்ணுல இருந்து வயித்துக்கு ஏதாவது வந்துருமோன்னு பயமா இருக்கு. மாமியார் நாங்கள்லாம் சாணி மெழுகின தரைல உருண்டுதான் வளந்தோம்ங்கறாங்க. தேவையில்லாம பயப்படறேனா?

மண்வெட்டி | ஆகஸ்ட் 7

பயம் நியாயம்தாம்மா, மாமியார் மேல மரியாதையோடயே சொல்றேன். சாணில ஈகோலை, சால்மொனெல்லா மாதிரி கிருமி இருக்கலாம், மாடு நல்லா ஆரோக்கியமா இருந்தாலும் இருக்கலாம். அமெரிக்காவுல இயற்கை வேளாண் சான்றிதழுக்கு ஒரு விதி உண்டு, மக்காத சாணி போட்டா, மண்ணைத் தொடுற காய்கறிய 120 நாள் கழிச்சுத்தான் பறிக்கணும், மண் படாத காய்னா 90 நாள். கீரை 25, 30 நாள்ல அறுக்கறது, அந்தக் கணக்கை வச்சுப் பாத்தா கீரைப் பாத்திக்கு பச்சைச் சாணி ஆகவே ஆகாது. மக்கும்போது குவியல் 55 டிகிரிக்கு மேல சில நாள் நின்னா பெரும்பாலான கிருமியும் களை விதையும் செத்துடும், அதுக்குத்தான் கிளறி வெளிப்பக்கத்தை உள்ளுக்குத் தள்றது.

வேகவச்சு சாப்பிடற கீரை கத்திரில கிருமி பயம் கம்மி. கொத்தமல்லி புதினா வெள்ளரி முள்ளங்கி தக்காளி இதுக்கெல்லாம் நல்லா மக்கினது மட்டும் போடுங்க, இலைல மண் தெறிக்காத மாதிரி மேல காஞ்ச இலை பரப்புங்க, பாப்பா கைய சோப்புப் போட்டு கழுவி விடுங்க. நாய் பூனை கழிவை மட்டும் எந்தக் காரணத்துக்கும் உரக்குழில சேக்காதீங்க, அதுல இருக்க புழு முட்டை குழந்தைகளுக்கு கண்ணு வரைக்கும் பாதிக்கும். எருவுல கை வைக்கறவங்க கையுறை போடுங்க, கைல வெட்டு இருந்தா டிடி ஊசி போட்டு எத்தனை வருஷம் ஆச்சுன்னு பாத்துக்கோங்க, டெட்டனஸ் கிருமி சாணிலயும் மண்ணுலயும் இருக்கறதுதான்.

ஹாரோ_தோட்டம் | ஆகஸ்ட் 8

லண்டன்ல இருந்து எழுதறேன். இங்க எங்க தோட்டத் துண்டுக்கு குதிரை லாயத்துல இருந்து சாணி சும்மா கிடைக்கும். ஆனா 2008ல இங்க நிறைய பேர் தோட்டம் பாழாச்சு, புல்வெளில அடிச்ச அமினோபைரலிட்ங்கிற களைக்கொல்லி, மாடு குதிரை தின்னு சாணில அப்படியே வெளிய வந்து, மக்கின அப்புறமும் போகாம தக்காளி அவரை இலையெல்லாம் சுருண்டு முறுக்கிக்கிச்சு. அப்போ விற்பனையையே நிறுத்தி வச்சாங்க. அதுல இருந்து எந்த எரு வந்தாலும் நான் முதல்ல ஒரு தொட்டில எருவும் மண்ணும் கலந்து நாலு அவரை விதை போடுவேன், இன்னொன்னுல வெறும் மண்ணுல நாலு. மூணு வாரம் பாத்து ரெண்டும் ஒரே மாதிரி வந்தாத்தான் பாத்திக்குப் போகும்.

தாராபுரம்காரன் | ஆகஸ்ட் 8

அருமைங்க அண்ணா, இங்க நாங்க வெந்தயத்துல பாப்போம். ஒரு கொட்டாங்குச்சில எருவைப் போட்டு ஒரு சிட்டிகை வெந்தயம் தூவினா மூணாம் நாள் முளைக்கணும். முளைச்சு நுனி கருகினாலோ முளைக்கவே இல்லன்னாலோ எரு இன்னும் ஆகலன்னு அர்த்தமுங்க.

தாம்பரம்_மாடி | ஆகஸ்ட் 9

எல்லாருக்கும் ரொம்ப நன்றி, 12ல 7 செடி போயிடுச்சு, 5 செடி நிழல்ல புதுத்துளிர் விடுது. எடுத்த சாணிய தூக்கிப்போட மனசு வரல. மாடில குழி எங்க வெட்டறது? நாத்தம் வந்தா கீழ்வீட்டுக்காரங்க சும்மா இருக்க மாட்டாங்க.

கொல்லைப்புறம் | ஆகஸ்ட் 9

குழி எதுக்கும்மா, பழைய பெயிண்ட் டிரம்மு போதும். அடிலயும் சுத்தியும் ஓட்டை போட்டு செங்கல் மேல தூக்கி வை. ஒரு கூடை சாணிக்கு ரெண்டு கூடை காஞ்ச இலை, வெறும் சாணி மட்டும் போட்டா களி மாதிரி கட்டிப்பிடிச்சு காத்துப் போகாது, அப்பத்தான் நாத்தம் வரும். ஒரு கைப்பிடி எடுத்துப் பிழிஞ்சா விரலிடுக்குல ஈரம் கசியணும், சொட்டக்கூடாது. பத்து நாளைக்கு ஒரு தரம் இன்னொரு பாத்திரத்துல கொட்டித் திருப்பிப் போடு. மழை விழாம மூடணும் தங்கச்சி அது முக்கியம், மழைத்தண்ணி இறங்கினா டீ டிகாஷன் மாதிரி சத்தெல்லாம் வடிஞ்சு சாக்கடைக்குப் போயிடும்.

பச்சைமிளகாய்26 | ஆகஸ்ட் 11

நாட்டு மாட்டுச் சாணிதான் போடணும் ஜெர்சி மாடு ஆகாதுன்னு எங்க வாட்சப் குரூப்ல அடிச்சு சொல்றாங்களே?

மண்வெட்டி | ஆகஸ்ட் 11

ஜீவாமிர்தம் மாதிரி கரைசல் செய்றவங்க நாட்டு மாடுதான் கேப்பாங்க, அது அவங்க முறை, செய்யட்டும். தொழு உரத்துக்கு எந்த மாடானாலும் மக்கினா எருதான். மாடு எதைத் தின்னுச்சுங்கறதைப் பாருங்க. டவுன்ல குப்பைத்தொட்டில மேயற மாட்டுச் சாணில பாலித்தீன் துண்டு வரும், கொட்டகைல வைக்கோல் புல்லு தவிடு திங்கற மாட்டுச் சாணின்னா நம்பி வாங்கலாம்.

தாம்பரம்_மாடி | ஜனவரி 3

அஞ்சு மாசம் கழிச்சு வந்திருக்கேன், என்ன ஆச்சுன்னு சொல்றேன்னு நினைச்சிட்டே இருந்தேன். ரெண்டு டிரம் வச்சேன். மொதல் மூணு வாரம் மூடியத் திறந்தா முகத்துல ஆவி அடிக்கும், கைய உள்ள விட முடியாத சூடு. இலைக்கு பக்கத்துப் பார்க்ல பெருக்கிக் குவிக்கறத கேட்டு வாங்கிட்டேன். ஐப்பசி மழைல ஒரு நாள் காத்துல ஒரு டிரம்மோட மூடி பறந்துபோச்சு, காலைல போய்ப் பாத்தா கொல்லைப்புறம் அக்கா சொன்ன மாதிரியே பழுப்புத் தண்ணி மாடி பூரா ஓடியிருந்துச்சு, மூணு நாள் நாத்தம், கீழ்வீட்டு அம்மா வந்து கேட்டாங்க. காஞ்ச நார்க்கழிவு ரெண்டு கூடை கலந்து கிளறினதும் அடங்கிடுச்சு. அந்த டிரம் இன்னும் ஒரு மாசம் ஆகும்போல.

மழை விழாத டிரம்ம போன வாரம் சலிச்சேன். மூணு சாக்கு போட்டது ஒரு சாக்குதான் வந்துச்சு. கருப்பா, டீத்தூள் மாதிரி உதிருது, கையில ஒட்டல, மோந்து பாத்தா தாராபுரம் அண்ணா சொன்ன அதே மண்ணு வாசம். சல்லடைல 11 புழு தங்குச்சு, அதுல நாலு செத்து பச்சையா பூசணம் பூத்திருந்துச்சு. மிச்சத்தை பால்காரரோட கோழிக்குக் குடுத்தேன், அவரு பொண்ணு ஒவ்வொண்ணா எண்ணி எண்ணிப் போட்டா. வெந்தயம் மூணாம் நாள் காலைல முளைச்சுடுச்சு, வேர் வெள்ளையா இருக்கு.

அன்னிக்குத் தப்பிச்ச 5 கத்திரில ஒண்ணுல நேத்து மூணு காய் பறிச்சேன். தைப்பட்டத்துக்கு பை ரொப்பப் போறேன், மூணு பங்கு மண்ணும் நார்க்கழிவும், ஒரு பங்கு எருன்னு நினைச்சிருக்கேன், சரியா இருக்குமா?

மண்வெட்டி | ஜனவரி 3

சரியா இருக்கும்மா. மாசத்துக்கு ஒரு தடவ ஓரமா ரெண்டு கைப்பிடி சேத்து மேல மண்ணு மூடிட்டு வாங்க. பையோட மேல் மட்டம் இறங்கிட்டே வரும், அந்த இடத்துலதான் அடுத்த எரு போடணும்.

கீரைப்பாத்தி | ஜனவரி 4

அக்கா சலிச்சதுல சல்லடை மேல நின்ன கட்டிய என்ன பண்ணீங்க, தூக்கிப் போட்டுட்டீங்களா?

தாம்பரம்_மாடி | ஜனவரி 4

இல்லம்மா, அடுத்த டிரம்முக்கு அடில போட்டுட்டேன். பால்காரர் இப்போ கொட்டகை ஓரத்துல பழைய சாணிய தனியா ஒதுக்கி மேல ஓலை போட்டு மூடி வைக்கறாரு, போன ஞாயித்துக்கிழமை அந்த சாக்கையும் கொண்டுவந்து இறக்கிட்டேன்.